பெரியப்பாவுக்கு நான் வைத்துக் கொடுத்த சாப்பாட்டுக் கடை

இறந்துபோன ஒருவருக்கு நான் சாப்பாட்டுக் கடை வைத்துக் கொடுத்திருக்கிறேன். அதுவும் அவர் இறந்த பதினாறாம் நாள், அவர் வீட்டு வாசலிலேயே. லைசென்ஸ் எடுக்கவில்லை, இடம் பார்க்கவில்லை, நல்ல நேரம் குறிக்கவில்லை. ஓர் எழுத்துருவை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் காரியத்தைச் செய்து முடித்தேன்.

எழுத்துரு என்றால் கணினியில் நாம் தேர்ந்தெடுக்கும் எழுத்தின் வடிவம். (ஃபோன்ட் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். அந்தக் காலத்தில் யாராவது என் முன்னால் ஃபோன்ட் என்று சொல்லிவிட்டால் நிறுத்தித் திருத்துவேன். அந்த அளவுக்குத் தாங்க முடியாத பெண்ணாக இருந்தேன்.)

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பினாங்கு ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பேனரும் பெயர் அட்டையும் அடிக்கும் கடையில் டிசைனர். கடை முதலாளியை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். கடையில் மொத்தம் மூன்று பேர்: பாய், நான், அடிக்கடி மூச்சு வாங்கும் ஒரு பிரிண்டர். மாலை நேர வகுப்பில் மூன்று மாதம் டிசைன் படித்திருந்தேன். மூன்று மாதம் படித்தவளுக்கு இருக்கும் தைரியம் முப்பது வருடம் தொழில் செய்தவருக்கு இருக்காது. எனக்கு அது நிறையவே இருந்தது.

அந்த எழுத்துருவை நான் இணையத்தில் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்பதே அலட்டல். விற்பனைக்கு வைத்திருந்தார்கள், வாங்கினேன். தூரிகையை எடுத்து யாரோ அலட்டிக்கொள்ளாமல் எழுதியது மாதிரி இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் பருமனாகத் தொடங்கும், வளைவில் இளைக்கும், முடிகிற இடத்தில் மை வற்றித் தூரிகை மயிர் பிரிந்த கோடுகள் தெரியும். எழுத்துகள் ஒழுங்காக ஒரே வரிசையில் நிற்காது. ஒன்று கொஞ்சம் மேலே ஏறும், பக்கத்தில் இருப்பது கொஞ்சம் கீழே இறங்கும். ‘ழ’வின் வால் அடுத்த இரண்டு எழுத்துக்கும் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். எழுதியவர் இன்னொரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி எழுதினார் என்று தோன்றும். சொல்லுக்கு அடியில் இழுத்துவிட ஒரு தூரிகைக் கோட்டையும் கொசுறாகக் கொடுத்திருந்தார்கள்.

விற்ற பக்கத்தில், இது எதற்கெல்லாம் பொருந்தும் என்று ஒரு பட்டியல் இருந்தது. உணவகப் பெயர்ப் பலகை, மெனு, மசாலா பாக்கெட், டி-சட்டை, பிறந்தநாள் அட்டை, விடுமுறை விளம்பரம், பழச்சாறு போத்தல். அதை நான் ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். படித்துவிட்டு, ‘பாவம், இவர்களுக்குத் தங்கள் எழுத்துருவின் ஆழமே தெரியவில்லை’ என்று முடிவுகட்டினேன்.

அதன் பிறகு கடைக்கு வந்த ஒருவரையும் நான் சும்மா விடவில்லை. முடி வெட்டும் கடை, டியூஷன் சென்டர், ஜுருவில் கார் கழுவும் இடம், எங்கள் சர்ச் சந்தையில் கட்லெட் ஸ்டால், எல்லாவற்றிலும் அதே துள்ளல். ‘நாய் ஜாக்கிரதை’ என்று பலகை கேட்டு வந்த ஒருவருக்கும் அதிலேயே அடித்துக் கொடுத்தேன். அந்த நாயைக் கொஞ்சுவதற்காகப் பிள்ளைகள் கேட்டைத் திறந்துகொண்டு போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

இனி தினேஷ் வீட்டுக்கு வருகிறேன். தினேஷ் இப்போது என் கணவர். அப்போது கணவராவாரா என்பதே சந்தேகமாக இருந்தது. அவர்கள் பாயான் பாருவில் குடியிருக்கும் இந்துக் குடும்பம். நான் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண். “வேதக்காரப் பொண்ணுக்கு நம்ம வழக்கமெல்லாம் என்ன தெரியும்?” என்பது அவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்வி. கேட்டவர் தினேஷின் அப்பாவுடைய தங்கை. ஜுருவில் அவர் வீட்டுக்காரருக்குக் கார் உதிரிபாகக் கடை. அதனால் எல்லோருக்கும் அவர் ஜுரு அத்தை. பட்டுச் சேலையும் இரண்டு வடச் சங்கிலியும் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. பினாங்குப் பாலத்தைத் தாண்டி அவர் தீவுக்கு வருவதே யாரையாவது குறை சொல்லத்தான் என்று தினேஷ் சொல்வார்.

தினேஷின் அம்மா (இப்போது எனக்கு மாமி, அப்போது வெறும் ஆன்ட்டி) ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் என் பக்கம் நின்ற ஒரே ஆள் தினேஷின் பெரியப்பா முத்தையா. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டிலேயே இருந்தவர். எதிரே இருந்த மின்னணுக் கம்பெனியில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். “பொண்ணு நல்லா சாப்புடுது. அது போதாதா?” என்பதுதான் என்னைப் பற்றி அவர் வெளியிட்ட ஒரே கருத்து. அதற்காகவே நான் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மூன்றாவது தடவையும் சோறு வாங்கிக்கொள்வேன்.

அந்தப் பெரியப்பா ஒரு நாள் மாலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. துக்கம் பாதி, பயம் பாதி. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் குடும்பமாக உட்கார்ந்து எங்கள் விஷயத்தைப் பேசி முடிவெடுப்பது என்று ஏற்பாடாகியிருந்தது. பேசுவதற்கு ஜுரு அத்தை இருப்பார். மறுத்துப் பேசப் பெரியப்பா இருக்கமாட்டார். அந்தப் பதினாறு நாளுக்குள் நான் இந்த வீட்டுக்குப் பொருத்தமான மருமகள் என்று நிரூபித்தாக வேண்டும்.

“ஆன்ட்டி, பேனர் நான் செஞ்சு தரேன்” என்றேன்.

மாமி சமையலறையிலிருந்து திரும்பிப் பார்த்தார். “வழக்கமா அடிப்பாங்களே, அந்த மாதிரிதானே?”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன் ஆன்ட்டி.”

“எழுத்து பெருசா இருக்கட்டும். தூரத்துலேர்ந்து வரவங்களுக்குத் தெரியணும்.”

வழக்கமாக அடிப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேகங்களுக்கு நடுவே அடையாள அட்டைப் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மூலையில் தாமரை, நடுவில் ஆணியடித்த மாதிரி நிற்கும் தடித்த எழுத்து. அதைப் பார்த்தாலே எனக்கு உடம்பு எரியும். போனவர் சிரித்த மனிதர், அவரை ஏன் இவ்வளவு விறைப்பாக வழியனுப்ப வேண்டும் என்று கேட்டேன். (யாரிடமும் கேட்கவில்லை. என்னிடமே கேட்டு, நானே கைதட்டிக்கொண்டேன்.)

ஆகவே என் பேனர் இப்படி அமைந்தது. ஒரு கல்யாணத்தில் எடுத்த படம், பல் முழுவதும் தெரியச் சிரிக்கும் பெரியப்பா, ஒரு மஞ்சள் வட்டத்துக்குள். பக்கத்தில் ‘முத்தையா’ என்று அந்தத் தூரிகை எழுத்தில், என் முழங்கை நீளத்துக்கு ஒவ்வொரு எழுத்து. அடியில் ஒரே இழுப்பாக அந்தக் கொசுறுக் கோடு. மேலே ‘அமரர்’ என்ற சொல் கண்ணை உறுத்தாதபடி பொடியாக. கீழே ‘பதினாறாம் நாள் நினைவு வழிபாடு’ அதைவிடப் பொடியாக. பின்னணியில், வாழ்க்கை ஓர் உதிர்ந்த இலை என்பதைக் குறிக்க ஓர் இலை. காய்ந்த இலையைத்தான் முதலில் வைத்தேன். அந்தப் பழுப்பு, மஞ்சளோடு ஒத்துப்போகவில்லை. அதனால் பச்சை வாழையிலை வைத்தேன்.

இன்றைக்கு இந்த வரிகளை எழுதும்போதே எனக்குக் காது சூடாகிறது. அன்றைக்கு நான் அதைக் கலை என்று நினைத்தேன்.

தினேஷுக்குக் கைப்பேசியில் அனுப்பினேன். “நைஸ் லா” என்று பதில் வந்தது. காதலிக்கிறவர்களிடம் டிசைனைக் காட்டி அபிப்பிராயம் கேட்கக்கூடாது. பாய் பிரிண்டரிலிருந்து இறங்கும் பேனரைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார்.

எங்கள் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டில் விசேஷம் என்றால் முச்சந்தியிலிருந்து விளக்குக் கம்பங்களில் அம்புக்குறிப் பலகை கட்டுவோம், வெளியூர் ஆட்கள் வழி தவறக்கூடாது என்று. நான் அதையும் விடவில்லை. மூன்று அம்புக்குறி. ஒவ்வொன்றிலும் சிரிக்கும் பெரியப்பா, துள்ளும் ‘முத்தையா’. மூன்றாவது பலகையைக் கம்பெனி வாசலுக்கு நேர் எதிரே இருந்த கம்பத்தில் கட்டினேன்.

பதினாறாம் நாள் காலை, தினேஷும் அவர் அப்பாவும் மற்ற ஆண்களும் கருமக்கிரியைக்காகக் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். ஜுரு அத்தையும் அவர்களோடு அங்கேயே போயிருந்தார், எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்க்க. வீட்டில் மாமி, பின்கட்டில் சமையல்கார அண்ணன், அவருக்கு உதவியாக இரண்டு அக்காமார், பிறகு நான். வீட்டு முன்னால் சாலையோரத்தில் கூடாரம் போட்டு, வட்ட மேசைகளும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். கூடாரத்தின் நெற்றியில், சாலையைப் பார்த்தபடி என் பேனர். காற்றில் லேசாக ஆடி எல்லோரையும் வா வா என்றது.

“ஷாமினி, நான் மேல போய்க் குளிச்சிட்டு சாமி ரூமைப் பாத்துட்டு வரேன். வாசல்ல யாராச்சும் வந்தா பாத்துக்க” என்று மாமி மாடிக்குப் போனார். வாசலை எனக்குக் கொடுத்துவிட்டார். அது எனக்குப் பெண் பார்த்து முடித்த மாதிரி இருந்தது.

பன்னிரண்டு அடித்ததும் முதல் ஆள் வந்தார். வயதான சீனர், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. பேனரைப் பார்த்தார், மேசைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தங்காச்சி, மக்கான் போலே?” என்றார். சாப்பிடலாமா என்று மலாயில் கேட்கிறார். பெரியப்பாவின் பழைய கூட்டாளி. துக்கத்தை மறைத்துக்கொண்டு சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார். இரண்டு கையையும் கூப்பி அவரை முதல் மேசையில் உட்கார வைத்தேன்.

அவருக்குப் பின்னால் நாலு பேர். அவர்களுக்குப் பின்னால் நீலச் சட்டை போட்ட எட்டு மலாய்ப் பெண்கள், சிரித்துப் பேசிக்கொண்டு. பிறகு ஒரு பெரிய கூட்டம். எல்லோர் கழுத்திலும் அதே அட்டை. பெரியப்பா ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது, இன்னும் இத்தனை பேர் மறக்காமல் வருகிறார்களே என்று நான் உருகிப்போனேன். அந்த நீலச் சட்டைப் பெண்களில் பாதிப் பேர் அவர் வேலையை விட்டபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார்கள் என்ற கணக்கு எனக்கு உதிக்கவில்லை.

பின்கட்டுக்கு ஓடினேன். “அண்ணே, பந்தி ஆரம்பிக்கலாம். அவங்களுக்கு லஞ்ச் டைம் கொஞ்சம்தான்.”

சமையல்கார அண்ணன் கரண்டியோடு நிமிர்ந்தார். “படையல் ஆச்சா மா?”

படையல் என்றால் என்ன என்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இறந்தவருக்கு முதலில் இலை போட்டுப் படைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் கைவைக்க வேண்டும் என்பது தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ‘வேதக்காரப் பொண்ணுக்கு என்ன தெரியும்’ என்ற குரல் காதில் ஒலித்தது.

“அதெல்லாம் ஆச்சு அண்ணே” என்றேன், பிறந்ததிலிருந்து படையல் போட்டு வளர்ந்தவள் மாதிரி.

இலை விழுந்தது. சாம்பார், கூட்டு, பாவக்காய் வறுவல், அப்பளம், பாயசம். நான் வாளியோடு மேசைக்கு மேசை ஓடினேன். ஒரு பெண் மீன் குழம்பு இருக்கிறதா என்று கேட்டாள். பெரியப்பாவுக்கு மீன் குழம்பு என்றால் உயிர், அதை நினைத்துக் கேட்கிறாள் என்று எனக்குக் கண் கலங்கியது. முதலில் வந்த சீனப் பெரியவர், பேனரில் இருந்த படத்தைக் காட்டி, “பாஸ் மானா?” என்றார், முதலாளி எங்கே என்று. கம்பெனியில் பெரியப்பாவைச் செல்லமாக பாஸ் என்று கூப்பிட்டிருப்பார்கள் போலும். கண்ணீரோடு விரலை மட்டும் மேலே காட்டினேன். அவர் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்து, புரிந்தது என்று தலையாட்டிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார்.

மாமி தலையைத் துவட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஒரு நாற்காலிகூடக் காலியில்லை.

“யாரு இவங்கெல்லாம்?”

“பெரியப்பாவோட கம்பெனி ஆளுங்க ஆன்ட்டி.”

“படையல் போடலையே இன்னும்” என்றார் மாமி மெதுவாக. ஆனால் அவர் என்னைத் திட்டவில்லை. அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இத்தன பேரா வந்திருக்காங்க அவருக்கு” என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு பின்கட்டுக்குப் போய், எஞ்சியிருந்ததில் ஓர் இலைக்குத் தனியாக எடுத்து மூடி வைத்துவிட்டு, அவரே பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

நானும் மாமியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பரிமாறினோம். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த கால் மணி நேரம் அது.

பிறகு ஒரு தம்பி எழுந்து இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுக்கச் சொன்னான். துக்க வீட்டில் பொட்டலமா என்று மாமி என்னைப் பார்த்தார். அடுத்த மேசையில் ஒருவர் விரலால் காற்றில் எழுதிக் காட்டினார், பில் வேண்டுமாம். நான் பதறி, பணமெல்லாம் வாங்கமாட்டோம் என்றேன். அவர் முகம் மலர்ந்து நண்பர்களிடம் ஏதோ சொன்னார். “ஓப்பனிங் புரொமோஷன்” என்ற சொற்கள் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தன. எனக்குள் ஒரு சந்தேகம் மெல்லத் தலைதூக்கியது. அதை நான் உள்ளேயே அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து கடற்கரையிலிருந்து கார்கள் வந்து சேர்ந்தன. வீட்டு முன்னால் நிறுத்த இடமில்லை, வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். காலையிலிருந்து பட்டினியாகக் கிரியை செய்த ஆண்கள், ஈர வேட்டியோடு தெரு முனையிலிருந்து நடந்து வந்தார்கள். அவர்களுக்கு முன்னால், பட்டுச் சேலை, இரண்டு வடச் சங்கிலி, ஜுரு அத்தை.

அவர் கூடாரத்துக்குள் காலை வைத்ததும், நீலச் சட்டைப் பெண் ஒருத்தி அவரை நிறுத்தினாள். மரியாதையாகத்தான் கேட்டாள். “அக்கா, தே ஐஸ் சத்து.” ஐஸ் போட்ட தேநீர் ஒன்று. கேட்டுவிட்டுத் தன் எச்சில் இலையையும் எடுத்துப் போகச் சொல்லி அவர் பக்கமாக நகர்த்தினாள்.

ஜுரு அத்தை அந்த இலையைப் பார்த்தார். பிறகு தன் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “என்ன பாத்தா எப்படித் தெரியுது இவளுக்கு? அண்ணி, யாரு இதெல்லாம்?”

“அண்ணனோட கம்பெனி ஆளுங்க” என்றார் மாமி.

“அண்ணனோட கம்பெனி ஆளுங்களை எல்லாம் எனக்குத் தெரியும். இதுல ஒருத்தரும் இல்ல.”

தினேஷ்தான் போய் விசாரித்தார். கம்பெனியின் நேபாளிக் காவலாளி ஒருவர் கைப்பேசியை எடுத்து நீட்டினார். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே என் பேனர் வந்திருந்தது. விளக்குக் கம்பத்து அம்புக்குறியும் கூடவே. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: கேட்டுக்கு எதிரே புது வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, இன்று திறப்பு.

எல்லோரும் கூடாரத்தை விட்டு இறங்கிச் சாலைக்குப் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நானும் போனேன். பேனரைக் கட்டியதிலிருந்து அப்போதுதான் அதைச் சாலையிலிருந்து பார்த்தேன். அந்தச் சீனப் பெரியவருக்கும் மலாய்ப் பெண்களுக்கும் நேபாளிக் காவலாளிக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அமரர் என்பதும் தெரியாது, பதினாறாம் நாள் என்பதும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது எழுத்தின் முகம் மட்டும்தான். துள்ளும் தூரிகை எழுத்து, அடியில் ஓர் இழுப்பு, மஞ்சள் வட்டத்தில் குண்டாகச் சிரிக்கும் ஓர் ஆள், பின்னால் பச்சை வாழையிலை. பினாங்கில் வளர்ந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அது என்னவென்று சொல்லிவிடும். எனக்கே பசித்தது.

“ஃபோன்ட் கொஞ்சம் ஜாலியா இருக்கு இல்ல?” என்றார் தினேஷ்.

அவரைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

“சாவு வீட்டக் கடையாக்கிட்டா” என்றார் ஜுரு அத்தை. “படையலுக்கு முன்னாடி பந்தி. ஊருக்கெல்லாம் ஓசிச் சோறு. இதுக்குத்தான் நான் தலையால அடிச்சிக்கிட்டேன். மொதல்ல இவங்கள எழுப்பி அனுப்புங்க.”

“எலையில ஒக்காந்தவங்கள எழுப்பக்கூடாது” என்றார் மாமி. “இன்னிக்கு யாரு வந்து சாப்பிட்டாலும் அவரு பேருலதான். சாப்பிட்டுப் போகட்டும்.”

வழக்கம் வழக்கம் என்று பேசிய ஜுரு அத்தைக்கு அந்த வழக்கத்தை மறுத்துப் பேச வழியில்லை. கம்பெனிக்காரர்கள் நிதானமாக இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்து, ஏப்பம் விட்டு, எங்களுக்கு வியாபாரம் நன்றாக நடக்க வேண்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். படையலுக்கு எடுத்து வைத்த ஓர் இலையைத் தவிர பாத்திரங்களில் ஒன்றும் இல்லை. தினேஷ் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பக்கத்துச் சந்தைக் கூடத்தில் சீன சைவக் கடையில் இருந்த பீஹூன் (நம் அரிசிச் சேமியா மாதிரி) முழுவதையும் பொட்டலம் கட்டி வாங்கிவந்தார். உறவினர் கூட்டம் மொத்தமும் வாழையிலையில் பீஹூனைக் கொட்டிச் சாப்பிட்டது. ஜுரு அத்தையும் சாப்பிட்டார்.

எனக்குக் கல்யாணம் இல்லை என்று நான் முடிவே செய்துவிட்டேன். பின்கட்டில் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய குண்டானை மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சாமான் அறைக்குள்ளிருந்து விசும்பல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அரிசி மூட்டை மேல் மாமி உட்கார்ந்திருந்தார். வாயில் சேலைத் தலைப்பு, தோள் குலுங்கியது. என்னால்தான் என்று நினைத்து, “ஸாரி ஆன்ட்டி, ஸாரி ஆன்ட்டி” என்று அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தலைப்பை வாயிலிருந்து எடுத்தார். அழவில்லை.

“தே ஐஸ்” என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் மறுபடி தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார். மூச்சு வந்ததும், “அவ மொகத்தப் பாத்தியா? எலையத் தள்ளுனதும் சங்கிலியத் தொட்டுப் பாத்துக்கிட்டா. இருவத்தெட்டு வருசம் அவ வந்து ஒக்காந்தா நான் தண்ணி கொண்டாந்து குடுக்கணும். இன்னிக்கு அவகிட்ட கேட்டாங்க பாரு” என்றார்.

பெரியப்பா போன பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். அன்று மாலை குடும்பமாக உட்கார்ந்து பேசியபோது ஜுரு அத்தை நீளமாகப் பேசினார். எல்லாம் நியாயமான பேச்சு. நானே அவர் பக்கம் ஓட்டுப் போட்டிருப்பேன். மாமி கேட்டு முடித்துவிட்டு, “நான் சரின்னுதான் சொல்றேன்” என்றார். எங்கள் கல்யாணத்தை முடித்து வைத்தது காதல் என்று தினேஷ் நண்பர்களிடம் சொல்லிக்கொள்வார். அது ஒரு தே ஐஸ் என்பது எனக்கும் மாமிக்கும் தெரியும்.

மாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டது எதற்கும் நான் டிசைன் செய்யக்கூடாது. ஆகவே என் கல்யாணப் பத்திரிகையையே எதிர்ச் சந்தில் இருந்த போட்டிக் கடையில் அடித்தார்கள். இரண்டு யானை, இரண்டு கிளி, ஆணியடித்த மாதிரி நிற்கும் எழுத்து. யாரும் அதை மெனு என்று நினைக்கவில்லை.

பாயிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. “நான் அன்னைக்கே நெனச்சேன் பிள்ள. ஒங்காளுங்க வழக்கமா இருக்கும்னு விட்டுட்டேன்” என்றார். நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்பது அவருக்கு நாலு வருடமாகத் தெரியும்.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்று சாப்பிட்டவர்களில் ஒரு புண்ணியவான், கைப்பேசி வரைபடத்தில் அந்த வீட்டை உணவகமாகப் பதிவு செய்துவிட்டார். பேனரின் படத்தோடு. நாங்கள் எத்தனையோ முறை நீக்கச் சொல்லி எழுதிவிட்டோம். ‘உங்கள் ஆலோசனைக்கு நன்றி’ என்று பதில் வரும். உணவகம் அப்படியே இருக்கும். நாலு நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. ‘சாம்பார் அருமை, மெனு கிடையாது.’ ‘பரிமாறும் பெண் எதற்கோ அழுதுகொண்டே இருந்தார், ஆனால் அப்பளம் கேட்காமலேயே கொடுத்தார்.’ ‘வயதான பணிப்பெண் நிறைய நகை போட்டிருக்கிறார், தே ஐஸ் கடைசி வரை வரவில்லை.’ (இதை ஜுரு அத்தைக்கு மொழிபெயர்த்துச் சொன்னது யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. மாமியின் மேல் எனக்குச் சந்தேகம்.) சீனப் பெரியவர் எழுதியதாக நான் நினைப்பது இது: ‘போஸ்டரில் சிரிக்கும் முதலாளி மாடியை விட்டு இறங்கவே இல்லை.’

ஒவ்வொரு வருடமும் பெரியப்பாவின் திதியன்று, படையல் போட்டு (முதலில் படையல், பிறகுதான் பந்தி, இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்) சாப்பிட்டு முடித்ததும் தினேஷ் அந்தக் கருத்துகளை உரக்கப் படிப்பார். போன திதியில் புதிதாக ஒன்று வந்திருந்தது. ‘மூன்று முறை வந்தேன், பூட்டியிருந்தது. மறுபடி எப்போது திறப்பீர்கள்?’

படித்ததும் மாமி சிரிக்கவில்லை. “பாவம், மூணு தடவ வந்திருக்காங்க. அதுல பதில் போட முடியுமா?” என்று கேட்டார்.

“முடியும் மாமி. என்ன போடட்டும்?”

“முதலாளி இல்ல, கட மூடியாச்சுன்னு போடு. சாப்பிட்டவங்களுக்கெல்லாம் நன்றின்னும் போடு.”

தட்டச்சு செய்தேன். அனுப்பும் பொத்தானுக்கு மேல் என் விரல் இருக்கும்போது மாமி என் கையைப் பிடித்தார்.

“இரு. எந்த எழுத்துல வரும் அது?”

“அத நாம தேர்ந்தெடுக்க முடியாது மாமி. அவங்க குடுக்கற எழுத்துதான்.”

“அப்ப சரி, போடு” என்றார், கையை எடுத்துக்கொண்டு.